இணைத்தேர்வும் பரிணாமமும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் விரும்பிய பெண் என்னை மறுத்துவிட்டாள். 'கருமுட்டை அரிது, விந்தணு மலிவு. ஆகவே பெண் வசதியானவனைத் தேர்ந்தெடுப்பாள், ஆண் அலைவான், இது பரிணாம விதி' என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படியென்றால் காதல் என்பது வெறும் மேல்பூச்சுதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கேட்ட வாதம் பெரிதும் சாய்ந்து நிற்பது 1948இல் மரபியலாளர் பேட்மன் பழ ஈக்களை வைத்துச் செய்த ஆய்வின்மீது. இணைகள் கூடக்கூட ஆணுக்குச் சந்ததி பெருகும், பெண்ணுக்கு அவ்வளவு பெருகாது என்றார் அவர். எந்தச் சந்ததி யாருடையது என்று அறிய, பெற்றோரிடமிருந்து வரும் சுருண்ட சிறகு போன்ற மரபணுப் பிறழ்வுகளை அடையாளமாகக் கொண்டார். 2012இல் பட்ரீசியா கோவாட்டி குழுவினர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். தாய், தந்தை இருவரின் பிறழ்வையும் பெற்றவற்றில் பல முதிரும் முன்பே இறந்துபோயின; அதனால் கணக்கில் சேராமல் போயின. பேட்மனின் கணக்கிலோ, மொத்தமாகப் பார்த்தால், தாய்களைவிடத் தந்தைகளுக்குச் சந்ததி அதிகம். ஒவ்வோர் ஈக்கும் ஒரு தாய், ஒரு தந்தை. அப்படி வரவே முடியாது!

1972இல் பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் சொன்னது இதைவிட ஆழமானது. பிள்ளைக்காக அதிகம் செலவிடுபவரே தேர்ந்தெடுப்பார், மற்றவர் போட்டியிடுவார். அது ஆணா பெண்ணா என்பது இரண்டாம்பட்சம். இலைக்கோழி என்ற நீர்ப்பறவையைப் பாருங்கள். அடைகாப்பது ஆண். ஆபத்து வந்தால் குஞ்சுகளைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு நடக்கும். வெளியே குஞ்சுகளின் நீண்ட கால்கள் மட்டும் தொங்கும். பெண்ணோ உருவில் பெரியது, பல ஆண்களோடு சேரும், எல்லைக்காகச் சண்டையிடும்.

மனிதக் குழந்தையை வளர்க்கத் தாய் ஒருத்தியால் ஆவதில்லை. அதனால்தான் நம்மில் இருவருமே தேர்ந்தெடுக்கிறோம். 37 பண்பாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டு உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் வருமானத்துக்கும் ஆண்கள் இளமைக்கும் கூடுதல் மதிப்பு தந்தது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு பாலரும் அவற்றுக்கு மேலாக வைத்தவை அன்பும் அறிவும். அதைக் காணொளிக்காரர்கள் சொல்வதே இல்லை, எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அதே தரவுகளை 1999இல் உளவியலாளர்கள் ஈக்லியும் வுட்டும் மறுபடி ஆராய்ந்தபோது, பெண்களின் நிலை உயர்ந்த நாடுகளில் வருமானம் குறித்த அந்த வேறுபாடு சுருங்கியிருந்தது.

காதல் பரிணாமத்தில் உருவானதாகவே இருக்கட்டும். பசியும் அப்படி வந்ததுதான், அதை யாரும் பொய் என்பதில்லை.

அந்தப் பெண் ஏன் மறுத்தார் என்பதைச் சராசரிகளில் தேடாதீர்கள். அவர் காரணம் சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்புங்கள். சொல்லாவிட்டால், துருவிக் கேட்காமல் விட்டுவிடுங்கள்.