அடிக்கும் கணவரின் மூளை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மனைவியை அடிக்கும் ஆண்களின் மூளையில், பிறரைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிகளின் 'இணைப்பு' மாறுபட்டிருப்பதாகப் படித்தேன். அப்படியானால் அது மூளைக் கோளாறா?

பதில்: இந்த ஆய்வுகளில் இணைப்பு என்பது பெரும்பாலும் நரம்பிழைகளைக் குறிப்பதில்லை, மூளையின் இரு பகுதிகளில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஒரே போக்கில் ஏறி இறங்குகிறதா என்பதையே குறிக்கிறது. எந்த வேலையும் கொடுக்காமல் ஒருவரைப் படுக்கவைத்து எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் இயக்கத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தாலே இந்த ஒத்திசைவு தென்படும் என்பதை 1995-இல் பரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். அடுத்தவர் மனத்தை ஊகிக்கும்போது முன்மடலின் நடுப்பகுதியும், காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள பகுதியும் சேர்ந்து இயங்குகின்றன. இத்தகைய பகுதிகளில் காணப்படும் வேறுபாடுகள் குழுவின் சராசரியில் தெரிபவை. தனி ஒருவருக்கு நோய் என்று பெயர் சூட்ட அவை போதா. தவிர, பல ஆண்டுகளாகப் பழகிப்போன நடத்தையும் குடியும்கூட மூளையின் இயக்கத்தை மாற்றக்கூடும் என்பதால், எது காரணம், எது விளைவு என்பதை ஒரு ஸ்கேனைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

கேள்வி: என் கணவர் அலுவலகத்தில் எல்லோரிடமும் இதமாகப் பழகுபவர். வீட்டில் என் முகம் சற்று வாடியிருந்தாலே கையை ஓங்குகிறார். பிறரைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர் என்று இவரை எப்படிச் சொல்வது?

பதில்: சொல்ல முடியாது, இத்துறை ஆய்வாளர்களும் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஒருவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அவருடைய வலியைத் தானும் உணர்வது வேறு. முதலாவதில் தேர்ந்தவராகவும் இரண்டாவதில் வறண்டவராகவும் ஒருவர் இருக்கலாம். எங்கே தொட்டால் வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்தே தொடுபவர்களும் உண்டு. இதைவிட முக்கியமாக நான் கருதுவது சார்புள்ள ஊகம். உளவியலாளர்கள் வில்லியம் ஷ்வைன்லியும் வில்லியம் இக்கஸும் செய்த ஆய்வில், முன்பின் அறியாத பெண்கள் ஆலோசகரிடம் பேசும் காணொளிகளை ஆண்கள் பார்த்தார்கள். குறிப்பிட்ட இடங்களில் காட்சியை நிறுத்தி, அப்பெண்ணின் மனத்தில் என்ன ஓடியது என்று கேட்கப்பட்டது. உண்மையில் என்ன ஓடியது என்பதை அப்பெண்கள் முன்பே பதிவு செய்திருந்தார்கள். மனைவியிடம் வன்மம் காட்டும் ஆண்கள், இல்லாத இடத்திலும் குற்றம்சாட்டலையும் புறக்கணிப்பையும் கண்டார்கள். உங்கள் களைப்பு அவர் கண்ணுக்கு அவமதிப்பாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் மேலதிகாரி முகம் சுளிக்கும்போது அவருடைய கை எழுவதில்லையே! அடக்கிக்கொள்ளும் திறன் அவரிடம் இருக்கிறது; எங்கே அடக்குவது என்பதை அவரே தீர்மானிக்கிறார்.

கேள்வி: திருமணத்துக்கு முன்பே ஸ்கேன் எடுத்து இதை அறியலாமா?

பதில்: முடியாது. மூளை வேறுபாட்டையும் நடத்தையையும் நம்பகமாகப் பொருத்திப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் தேவைப்படலாம் என்று 2022-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது; இத்துறையின் ஆய்வுகளிலோ பெரும்பாலும் சில பத்துப் பேரே இருக்கிறார்கள். 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்லும்போது அவர் என்ன செய்கிறார், உங்கள் பணத்தையும் கைப்பேசியையும் நட்புகளையும் கண்காணிக்க முனைகிறாரா என்று பாருங்கள்.

கேள்வி: விபத்தில் தலையில் அடிபட்ட பிறகுதான் என் தம்பி மனைவியை அடிக்கத் தொடங்கினான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இருக்கலாம். முன்மடலில் ஏற்படும் காயம் சினத்தை அடக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். மனைவியை அடித்த 31 ஆண்களை ஆராய்ந்த 1989-ஆம் ஆண்டு ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பழைய தலைக்காயம் இருந்தது. ஆயினும் தலையில் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை முடியட்டும் என்று அவருடைய மனைவியை அதே வீட்டில் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: பயிற்சி கொடுத்தால் மாறுவார்களா?

பதில்: சிலர் மாறுகிறார்கள். 1980-களில் அமெரிக்காவின் டுலூத் நகரில், அடிக்கும் ஆண்களுக்கென உருவான பயிற்சி முறை முதல் பல திட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றின் சராசரிப் பலன் சிறிதே. எனவே 'பயிற்சிக்குப் போகிறேன்' என்ற வாக்குறுதியை மட்டும் நம்பித் திரும்பிச் செல்ல வேண்டாம். பிரிந்து செல்லும் தறுவாயிலும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் ஆபத்து கூடுவது வழக்கம் என்பதால், வெளியேற முடிவு செய்திருந்தால் அவரிடம் அறிவிக்காமல், நம்பகமான ஒருவரோடும் உதவி மையத்தோடும் பேசி, ஆவணங்களை முன்கூட்டியே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.