டெக்சாஸ்வாசி என்று எப்போது ஒப்புக்கொள்வார்கள்? கல்விக் கட்டணம் பற்றி வாசகர் கேள்விகள்

(அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பல மடங்கு கட்டணம். டெக்சாஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இந்தக் கோப்புகளைப் பார்த்த நம் கட்டுரையாளர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் அக்கா. மிச்சிகனில் பல வருடம் இருந்துவிட்டு, வேலை மாற்றலில் 2025 அக்டோபர் 6ஆம் தேதி டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவுக்கு வந்தேன். பள்ளியை நடுவில் மாற்ற வேண்டாமே என்று மனைவியும் மகனும் ஜனவரியில்தான் வந்தார்கள். எனக்கு எச்-1பி வேலை விசா, அவர்களுக்கு அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. மகனுக்கு 2026 ஆகஸ்டில் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் வெளிமாநிலக் கட்டணம் என்று காட்டுகிறது. எச்-4 பிள்ளைகளுக்கு இன்-ஸ்டேட் (மாநிலத்தவர்) கட்டணமே கிடையாது என்று வாட்ஸப் குழுவில் சொல்கிறார்கள். மச்சினர் ஹூஸ்டனில் எட்டு வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறார். பையனுக்கு அவர் முகவரியைக் கொடுக்கலாமா? — ஃப்ரிஸ்கோ வாசகர்

பதில்: தம்பி, முகவரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். தாய்மாமன் நமக்குத் தகப்பனுக்குச் சமம்தான். ஆனால் டெக்சாஸ் சட்டத்தில் பெற்றோர் என்றால் பெற்றவர், தத்தெடுத்தவர், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், இவ்வளவுதான். மாற்றாந்தகப்பன்கூட அந்தக் கணக்கில் வரமாட்டார். விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தது பின்னால் தெரிந்தால் பழைய செமஸ்டர்களின் வித்தியாசத்தையும் வசூலிப்பார்கள். எச்-1பியில் இருக்கும் குடும்பத்துக்குப் பொய்த் தகவல் என்ற பதிவு எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எச்-4க்குக் கிடையாது என்பது தவறு. எச்-1பி, எச்-4, கம்பெனிக்குள் மாற்றலாகி வருபவர்களின் எல்-1, அவர்கள் குடும்பத்தின் எல்-2 விசாக்காரர்கள் டெக்சாஸில் நிரந்தர வசிப்பிடம் அமைத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்கள்தான். இப்படிப்பட்ட உரிமைக்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பன்னாட்டு வங்கிகளில் வேலை பார்த்த ஜி-4 விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு மாநிலக் கட்டணம் தர மறுத்தது. மாணவர்கள் விடாமல் போராடி, 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். உங்கள் குழுவில் பயம் பரவியதற்குக் காரணம் வேறு. மூன்று வருடம் டெக்சாஸில் இருந்து இங்கேயே பள்ளி முடித்தவர்களுக்கு, குடியேற்ற நிலை எதுவானாலும் மாநிலக் கட்டணம் என்று 2001இல் ஒரு சட்டம் வந்தது. 2025 ஜூன் 4ஆம் தேதி மத்திய அரசு வழக்குப் போட்டது, அன்றே நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை சட்டப்படியான அனுமதி இல்லாமல் இருப்பவர்களைப் பற்றியது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நன்றாகப் படித்து, பாதிக் கிணறு தாண்டியவர்கள் பலர் அதில் உண்டு. உங்கள் மகன் செல்லுபடியாகும் எச்-4இல் இருக்கிறான், அவனுக்கு அது பொருந்தாது. ஆனால் இப்போது ஆவணங்களைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறையின் அனுமதி அறிவிப்பு) நகல்களைத் தயாராக வையுங்கள்.

அப்படியென்றால் ஏன் வெளிமாநிலக் கட்டணம்? தேதிதான் காரணம். பல்கலைக்கழகம் பார்ப்பது வகுப்பு தொடங்கும் நாளையோ அட்மிஷன் கடிதத்தின் நாளையோ அல்ல, 'சென்சஸ் டேட்' என்ற நாளை. வழக்கமான ஆகஸ்ட், ஜனவரி செமஸ்டர்களில் அது பன்னிரண்டாவது வகுப்பு நாள். ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால், செப்டம்பர் முற்பகுதியில் வரும். அந்த நாளுக்கு முன் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் நீங்கள் டெக்சாஸில் குடியிருந்திருக்க வேண்டும். அக்டோபர் 6இல் வந்த உங்களுக்கு ஒரு மாதம் போல இடிக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வருமான வரியில் உங்களைச் சார்ந்தவனாகக் காட்டத் தகுதியுள்ள மகனுக்கு உங்கள் வசிப்பிடம்தான் கணக்கு. அவன் ஜனவரியில் வந்ததால் ஜனவரியிலிருந்து எண்ண வேண்டியதில்லை. உங்கள் அக்டோபர் தேதியே அவனுக்கும் ஓடுகிறது. ஆகவே 2027 ஜனவரியில் தொடங்கும் செமஸ்டருக்கு அவன் டெக்சாஸ்வாசியாக மாறலாம்.

ஆனால் அது தானாக நடக்காது. இதைத்தான் நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அடித்துச் சொல்வது வழக்கம். ஒரு வருடம் முடிந்ததும் கணினி மாற்றிவிடும் என்று காத்திருந்து, சென்சஸ் நாளைத் தவறவிட்டு, இன்னொரு செமஸ்டருக்கும் வெளிமாநிலக் கட்டணம் கட்டிய பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்டினில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 11,000 முதல் 13,000 டாலர், வெளியாருக்கு 40,000க்கு மேல். ஒரு செமஸ்டருக்கே ஏறக்குறைய 15,000 டாலர் போகிறது. அக்டோபர் 6 தாண்டியதும், வெளியார் வகையிலிருந்து மாநிலத்தவர் வகைக்கு மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். நவம்பருக்குள் கோப்பு அலுவலகத்தில் இருக்கட்டும்.

என்ன ஆவணம் வைப்பது? நம்மவர்கள் ஓட்டுநர் உரிமத்தையும் கரண்ட் பில்லையும் வாடகை ஒப்பந்தத்தையும்தான் முதலில் நீட்டுவார்கள். ஒரு தாய், பியர்லாண்ட் மீனாட்சி கோயில் அர்ச்சனைச் சீட்டுகளை மாதவாரியாக அடுக்கிக் கொண்டுவந்தார். அந்தக் குடும்பம் இங்கே வேர் பிடித்துவிட்டதற்கு அதைவிட எனக்குச் சான்று தேவைப்படவில்லை, ஆனால் விதியில் அதற்கு இடமில்லை. உரிமம், பில், ஒப்பந்தம் எல்லாம் துணைச் சான்றுகள், தனியாக நிற்காது. அடிப்படைச் சான்று என்று ஏற்பது சிலவற்றைத்தான்: பன்னிரண்டு மாத வேலை, இங்கே நீங்களே குடியிருக்கும் சொந்த வீடு, இங்கே நடத்தும் தொழில், இங்கே வசிப்பவரை மணந்திருப்பது போன்றவை. உங்களுக்கு வேலைதான் வலு. கம்பெனியின் எச்.ஆரிடம் கடிதம் வாங்குங்கள். அதில் வேலை பார்க்கும் இடம் டெக்சாஸ் என்றும், எந்தத் தேதியிலிருந்து என்றும், இன்றும் தொடர்கிறது என்றும் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியின் தலைமையகம் மிச்சிகனிலேயே இருந்தால் இது மிக முக்கியம். 'மூன்று வருடமாக எங்களிடம் பணிபுரிகிறார்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கு எந்த உதவியும் இல்லை. சம்பளச் சீட்டில் அக்டோபருக்குப் பிறகும் மிச்சிகன் மாநில வரி பிடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, ஆகவே அந்தப் பிடித்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள், கோப்பைப் பார்ப்பவர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

முதல் செமஸ்டருக்குக் காசு கட்டிச் சேர்ப்பதா, தள்ளிப்போடுவதா? அட்மிஷனைத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். உறுதியாகச் சம்மதம் வராவிட்டால், ஆஸ்டினில் கிடைத்த இடத்தை ஒரு செமஸ்டர் பணத்துக்காக விடாதீர்கள் என்பதே என் கருத்து. இன்னொன்று: பிள்ளைக்கு எச்-4 செல்லுவது இருபத்தொரு வயது நிறையும் வரைதான். கிரீன் கார்டு வரிசை நீளம் உங்களுக்கே தெரியும். மூன்றாம் ஆண்டு நடுவில் அவன் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தால் அது கட்டணத்தையும் தொடக்கூடும். ஒரு வருடம் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடமும் பல்கலைக்கழகத்திடமும் பேசிவிடுங்கள்.

கேள்வி: என் மகன் யு.டி. டல்லாஸில் (டல்லாஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) எம்.எஸ். சேரப்போகிறான். எஃப்-1 விசா. ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டால் இரண்டாம் வருடம் கட்டணம் பாதிக்குக் கீழே இறங்கிவிடும் என்று கன்சல்டன்சியில் சொல்லி, அதை வைத்தே வங்கிக் கடன் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? — கோயம்புத்தூர் வாசகி

பதில்: நம்பாதீர்கள் அம்மா. படிக்க மட்டும் வந்திருக்கிறேன், முடித்ததும் திரும்புவேன் என்று சொல்லி வாங்குவது எஃப்-1. அந்த விசாவில் எத்தனை வருடம் இருந்தாலும் வசிப்பிடம் அமைத்ததாக ஆகாது. கேம்பஸில் பகுதிநேர வேலை பார்த்தாலும் அதே நிலைதான். கடனை இரண்டு வருடத்துக்கும் முழுக் கட்டணத்துக்கே கணக்குப் போடுங்கள்.

ஆனால் உங்கள் மகனுக்கு வேறு இரண்டு கதவுகள் சட்டத்திலேயே உண்டு. வசிப்பவராக ஆகாமலே மாநிலக் கட்டணம் கட்ட அவை இடம் தருகின்றன. ஒன்று, டெக்சாஸ் மாணவர்களும் போட்டியிடும் உதவித்தொகையில் ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் பெற்றால், அந்த உதவித்தொகை நீடிக்கும் காலத்துக்கு வெளிமாநிலக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். ஆயிரம் டாலர் சின்னத் தொகையாகத் தெரியும், அதன் பின்னால் வரும் தள்ளுபடிதான் பெரிது. இதற்கு எண்ணிக்கை வரம்பு இருப்பதால் எல்லோருக்கும் கிடைக்காது. இரண்டாவது, தன் படிப்போடு தொடர்புள்ள துறையில் வாரத்துக்கு இருபது மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் வேலை.

உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் தேவையா, கடைசித் தேதி எது என்று துறைக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். விமானம் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற பிள்ளைகளுக்குத்தான் இது நழுவுகிறது.

கேள்வி: அண்ணன் மகள் கலிபோர்னியாவில் என் வீட்டில் தங்கி ஒரு வருடம் இருந்தால் யு.சி. என்ற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாநிலக் கட்டணம் கிடைக்குமா? அவள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள், பெற்றோர் இல்லினாயில். — ஃப்ரீமாண்ட் வாசகர்

பதில்: கஷ்டம். 366 நாள் அங்கே வாழ்ந்தால் மட்டும் போதாது. பெற்றோர் கலிபோர்னியாவில் இல்லாத, இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட இளங்கலை மாணவி, தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறாள் என்றும் காட்ட வேண்டும். சித்தப்பா வீட்டில் சாப்பிட்டு, அப்பா அனுப்பும் பணத்தில் படிக்கும் பெண்ணால் அதைக் காட்ட முடியாது. 2024-25இல் யு.சி. வெளியாருக்கு விதித்த கூடுதல் கட்டணம் மட்டுமே 34,200 டாலர். இல்லினாயில் அவளுக்கு இருக்கும் உரிமையை முதலில் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, 2025 நவம்பரில் மதுரையில் திருமணமாகி, 2026 ஜனவரி முதல் வாரம் எச்-4இல் ஆஸ்டின் வந்தேன். கணவர் எச்-1பியில் நான்கு வருடமாக இங்கே இருக்கிறார். எம்.எஸ். படிக்க ஆசை. எஃப்-1க்கு மாறிவிடு, வேலை கிடைக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். — ஆஸ்டின் வாசகி

பதில்: வாழ்த்துகள் கண்ணம்மா. மாறுவதற்கு முன் நில்லுங்கள். எச்-4இல் இருந்தபடியே முழுநேரம் படிக்கலாம். டெக்சாஸில் வசிப்பவரை மணந்து இங்கே குடியிருப்பது நான் முன்னே சொன்ன அடிப்படைச் சான்றுகளில் ஒன்று. 1973க்கு முன் கனெக்டிகட்டில், அந்த மாநிலத்தவரை மணந்து அங்கேயே குடிவந்த மாணவியைக்கூட, விண்ணப்பித்தபோது முகவரி வெளியில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் படிப்பு முடியும் வரை வெளியாள் என்றே வைத்திருந்தார்கள். அந்தப் பெண் வழக்காடி, உச்ச நீதிமன்றம் அந்த விதியை 1973இல் ரத்து செய்தது. புகுந்த ஊரில் வாழவந்தவள் தன் வசிப்பிடத்தை நிரூபிக்க வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும் என்ற நியாயம் அவர் வாங்கித் தந்தது.

பன்னிரண்டு மாதம் என்ற விதி உங்களுக்கும் உண்டு. 2026 ஆகஸ்டில் சேர்ந்தால் வெளிமாநிலக் கட்டணம். 2027 ஜனவரி செமஸ்டரில் சேர்ந்தால், அதன் சென்சஸ் நாளுக்குள் நீங்கள் வந்து ஒரு வருடம் முடிந்திருக்கும். திருமணப் பதிவுச் சான்றிதழ் (தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்புடன்), கணவரின் வேலைக் கடிதம், நீங்கள் நுழைந்த தேதி தெரியும் ஐ-94, உங்கள் பெயரும் சேர்ந்த வாடகை ஒப்பந்தம் வையுங்கள். கணவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால் இந்த மாதமே உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தோழிகள் சொல்வதிலும் உண்மை உண்டு. படிப்புக்குப் பின் வேலை அனுமதியான ஓ.பி.டி. எஃப்-1க்குத்தான் கிடைக்கும். ஆனால் அதற்காக முதல் நாளே மாறினால், இரண்டு வருடமும் வெளியார் கட்டணம் கட்டும் நிலை வரலாம். எச்-4இல் தொடங்கி, படிப்பின் பிற்பகுதியில் எஃப்-1க்கு மாறுகிற பெண்களும் உண்டு. உங்களுக்கு எப்போது மாறுவது சரி என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள், மாறினால் அந்தச் செமஸ்டரின் கட்டணம் என்ன ஆகும் என்பதைப் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பதிலும் கையில் வந்த பிறகு படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.