அம்மாயியின் விரலுக்குத் திரை ஏன் மசிவதில்லை?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மஸ்கெலியாவில் இருக்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். முதல் நாள் பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) நிறைந்தது. மூன்றாம் வாரம் இரண்டு பேர்தான் வந்தார்கள். "நமக்கெல்லாம் இது வராது தம்பி" என்கிறார்கள். எங்கே பிழை விட்டோம்?

பதில்: முதலில் அவர்களுடைய விரல்களைப் பாருங்கள். முப்பது, நாற்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள். கறையேறி, நுனித்தோல் தடித்து, வெடித்திருக்கும். தொடுதிரைக்கு அழுத்தம் தெரியாது. விரல் படும்போது மின்புலத்தில் உண்டாகும் சிறு மாற்றம்தான் அதற்குத் தெரியும். காய்ந்து தடித்த நுனியைப் பல நேரம் அது கண்டுகொள்ளாது. அம்மாயி இன்னும் பலமாக அழுத்துவார். அழுத்திப் பிடித்ததும் கேட்காத ஏதோ ஒன்று திறக்கும். போனை மடியில் வைத்துவிட்டு, "வராது" என்பார். பிழை அவருடையதல்ல என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஈரத்துணியில் விரலைத் துடைக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி விரல் மசியாவிட்டால், தேய்மானம் குறைந்த மோதிர விரலால் தொடட்டும். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், அணுகல்தன்மைப் பகுதியில், அழுத்திப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள், எழுத்தையும் பெரிதாக்குங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்குக் கைரேகைப் பூட்டு வேண்டாம்.

அடுத்தது பாடம். போனை முழுதாகக் கற்பிக்க முயன்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அது தேவையில்லை. ஒருவருக்குக் குவைத்தில் இருக்கும் மகளின் முகம் வேண்டும். இன்னொருவருக்கு அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிப் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். ஆளுக்கு ஒன்றைக் கேட்டு, அந்த ஒன்றையே அன்று செய்யுங்கள். எழுத்து வாசிக்காதவருக்கு மகளின் படத்தை முகப்புத் திரையில் வைத்துக் கொடுங்கள். பெயரைத் தேடாமல் முகத்தைத் தொட்டு அழைப்பார். குரல் பதிவு அனுப்பவும் எழுத்து வேண்டியதில்லை.

எக்காரணம் கொண்டும் போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். நீங்கள் நான்கு நொடியில் செய்வது அவருக்குக் கண்கட்டு வித்தை. உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்லுங்கள். கஷ்டம்தான், ஆனால் அவர் விரலே தடுமாறிக் கண்டுபிடித்தது மறுநாளும் நிற்கும்.

அவர் இரகசிய எண்ணைத் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எவரும் பார்க்கக் கூடாது என்பதை அப்படித்தான் பழக்க முடியும். போனுக்கு வந்த ஓடிபி எண்ணை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் இரகசிய எண்ணைச் சொல்லும்படி யார் அழைத்துக் கேட்டாலும், வங்கி என்றாலும் பேரன் என்றாலும், அழைப்பைத் துண்டிக்கப் பழக்குங்கள். சந்தேகம் வந்தால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்தில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

நேரத்தையும் யோசியுங்கள். மாலையில் பேரப்பிள்ளைகள் பசியோடு வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் யார் வருவார்? காலை பத்து மணி நல்லது.

வந்த அந்த இரண்டு பேரிடமிருந்தே மறுபடி தொடங்குங்கள். மகளோடு பேசக் கற்றவர், அதே லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரிக்குத் தன் போனிலேயே செய்து காட்டட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.