'கில்ட்' முதலில் ஓர் உணர்வே இல்லை: இடைக்கால ஆங்கிலக் குற்றச் சொற்கள், கேள்வி பதில்

பழைய ஆங்கிலத்தில் குற்றம், தண்டனை பற்றிய சொற்களைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, "எனக்கு கில்ட்டா இருக்கு" என்று நாம் சொல்வது மாதிரி அந்தக் காலத்து ஆங்கிலேயரும் சொன்னார்களா?

இல்லை தம்பி. அவர்களுக்கு அது மனசுக்குள் நடக்கிற விஷயம் இல்லை. செய்த தவறும் அதற்காகத் தீர்க்க வேண்டிய பொறுப்பும்தான் கில்ட். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பாருங்கள். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், தமிழ் வேதாகமத்தில் "எங்கள் கடன்களை மன்னியும்" என்று வரும். லத்தீனிலும் அங்கே கடன் என்ற சொல்தான். 10-ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'கில்ட்' என்பதன் பன்மையைப் போடுகிறது. குற்றத்துக்கு இன்னொரு சொல்லும் இருந்தது, 'ஷில்ட்'. அதன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' இன்றைய ஜெர்மனில் கடனுக்கும் குற்றத்துக்கும் பொது. ஆங்கில 'ஷுட்' (should) கூட அதே வேரில் வந்ததுதான். செய்தாக வேண்டும், கொடுத்தாக வேண்டும் என்ற பொருள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கொலைக்கும் பணம் கட்டினால் போதுமா? கேட்கவே கஷ்டமாக இருக்கிறதே, மேடம்.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணம் எதைத் தடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கொலைக்குப் பழிவாங்க அடுத்த கொலை, அதற்கு இன்னொன்று என்று இரண்டு குடும்பங்கள் அழிவதை நிறுத்தத்தான் 'வெர்கில்ட்' வந்தது. 'வெர்' என்றால் ஆள். இங்கே 'கில்ட்' என்பது ஈடு, குற்றம் என்ற கில்ட் இல்லை. ஆளுக்குரிய ஈடு. இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கெண்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் தந்த சட்டம்தான் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டம். அதில் சுதந்திர மனிதன் ஒருவனுக்கு ஈடு 100 ஷில்லிங். கட்டைவிரல் போனால் 20, கட்டைவிரல் நகம் போனால் 3, முன்பல் ஒன்றுக்கு 6.

பாதிக்கப்பட்டவனுக்குக் கொடுப்பது 'போட்', அரசனுக்குக் கட்டும் அபராதம் 'வீட்டே'. அப்புறம் 'போட்லெயாஸ்' என்று ஒரு வகை உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாத குற்றம். தீ வைப்பு, அப்பட்டமான கொலை, எஜமானைக் காட்டிக்கொடுத்தல் எல்லாம் 11-ஆம் நூற்றாண்டில் மன்னன் க்னூட்டின் சட்டத்தில் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

தவறு என்று பொருள்படும் 'ராங்' (wrong) என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து. கோணலானது, முறுக்கியது என்று பொருள். 'லா' (சட்டம்), 'அவுட்லா' (சட்டத்தின் பாதுகாப்பை இழந்தவன்) இரண்டும் அவர்கள் கொடுத்தவையே.

பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு இந்தச் சொற்கள் மாறினவா?

நிறைய மாறின. 'ஃபெலனி' பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் அது தன் பிரபுவுக்குச் செய்யும் துரோகம். மெல்ல எல்லாப் பெருங்குற்றத்துக்கும் பெயரானது.

'மர்டர்' கதை இன்னும் முக்கியம். பழைய ஆங்கிலத்தில் அது ஒளித்துச் செய்த கொலை. நார்மன் ஆட்சியில் 'மர்ட்ரம்' என்பது ஓர் அபராதத்தின் பெயரும் ஆனது. கொலையாளி பிடிபடவில்லை என்றால் அந்த வட்டாரம் முழுவதும் சேர்ந்து கட்ட வேண்டும். தப்பிக்க வேண்டுமானால், செத்தவன் நார்மன் இல்லை, ஆங்கிலேயன்தான் என்று நிரூபிக்க வேண்டும். சொந்த ஊர்க்காரனின் பிணத்தை வைத்துக்கொண்டு இவன் ஆங்கிலேயன் என்று சாட்சி சொல்ல வேண்டிய நிலை எவ்வளவு கொடுமை! இந்த அபராதம் 1340-இல்தான் ஒழிந்தது.

'ஜஸ்ட் டெசர்ட்ஸ்' (just deserts) என்பது சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பா, பாலைவனமா?

இரண்டும் இல்லை. 'டிசர்வ்' என்பதோடு பிறந்த சொல், ஒருவருக்குத் தகுந்தது என்று பொருள். இடைக்கால ஆங்கிலத்தில் பரிசுக்கும் தண்டனைக்கும் ஒன்றுபோலப் பயன்பட்டது.

'மெர்சி' என்றால் கருணைதானே? அபராதப் பதிவுகளில் அது ஏன் வருகிறது?

நல்ல கேள்வி. தவறு செய்தவன் அரசனின் கருணைக்குள் விழுந்தான் என்பார்கள். அதாவது எவ்வளவு வாங்குவது என்பது அரசன் விருப்பம். அந்த அபராதத்துக்கு 'அமெர்ஸ்மென்ட்' என்று பெயர். இதற்குக் கடிவாளம் போட்டது, அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு வைத்த 1215-இன் சாசனமான மாக்னா கார்ட்டா, 20-ஆம் பிரிவு. குற்றத்தின் அளவுக்குத்தான் வாங்கலாம், வணிகனின் சரக்கையும் குடியானவனின் பயிர்த்தொழிலுக்கு வேண்டியதையும் விட்டுவைக்க வேண்டும் என்றது. மாக்னா கார்ட்டாவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அக்கா, அப்போது மனசாட்சி உறுத்துவதற்குச் சொல்லே இல்லையா?

இருந்தது. கேன்டர்பரி துறவி மைக்கேல், 1340-இல் (ஆமாம், மர்ட்ரம் ஒழிந்த அதே ஆண்டு) ஒரு பிரெஞ்சு நூலைக் கெண்ட் வட்டார ஆங்கிலத்தில் பெயர்த்தார். மனசாட்சி உறுத்தலுக்கு ஆங்கிலத்தில் இன்று சொல்லும் 'ரிமோர்ஸ்' என்பதன் லத்தீன் வேர் திரும்பக் கடித்தல். அவர் அதை அப்படியே தன் மக்களின் பேச்சுக்குக் கொண்டுவந்து 'அயன்பைட் ஆஃப் இன்விட்' என்று எழுதினார். 'அயன்பைட்' திரும்பக் கடிப்பது, 'இன்விட்' உள்ளறிவு. உள்ளே இருக்கும் அறிவு நம்மையே கடிக்கிறது! அவர் தன் கைப்பட எழுதிய பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.