டீச்சரிடம் கேளுங்கள்: ஏழு மாரியம்மாள்களும் ஒரு பழுப்பு உறையும்

(பதில் சொல்பவர் விருதுநகர் மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து 2019-ல் ஓய்வு பெற்றவர். 1989-லிருந்து தேர்தல் பணி பார்த்தவர். இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்டு பற்றியவை. மாமியார், மருமகள் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.)

பட்டியலில் பேர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாமாம். நம் ஓட்டை வேறு யாராவது போட்டிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேட்கலாமாம். ஒரு சாவடியில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுதேர்தலாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பியிருக்கிறார். நம்பலாமா டீச்சர்?
*– வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்*

மூன்றில் நடுவில் உள்ளது மட்டும்தான் நிஜம். ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தத் தகவல் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறது.

பட்டியலில் பேர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. ஆதார், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எதைக் காட்டினாலும் கிடையாது. கையில் வாக்காளர் அட்டையே இருந்தாலும் கிடையாது. சேலஞ்ச் ஓட்டு என்பது வாக்காளர் கேட்பதே அல்ல, பூத் ஏஜென்ட் கேட்பது. "வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை" என்று சந்தேகப்படும் ஏஜென்ட், சாவடித் தலைமை அலுவலரிடம் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். விசாரித்து, ஆள் சரியென்றால் ஓட்டுப் போடவிடுவோம். ஆள்மாறாட்டம் என்றால் போலீஸிடம் ஒப்படைப்போம். ஒரு டீ பத்துப் பன்னிரண்டு ரூபாய் ஆன பிறகும் அது இரண்டு ரூபாய்தான். என் சர்வீஸில் ஒரே ஒரு முறைதான் அந்த ரசீதைக் கிழித்தேன். அதுவும் இரண்டு பங்காளிகளின் வரப்புத் தகராறு சாவடிவரை வந்த கதை.

14 சதவீதம் என்று ஒரு விதியே இல்லை.

இனி அந்த நடு விஷயம். 2011 சட்டமன்றத் தேர்தல். சாயங்காலம் நாலு மணி இருக்கும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி அட்டையோடு வந்தார். பேர் மாரியம்மாள். பட்டியலில் அவர் பேருக்கு நேரே காலையிலேயே கோடு போட்டிருந்தது. பாட்டி விரலை நீட்டினார். மை இல்லை. அந்த ஒரு சாவடிப் பட்டியலில் மட்டும் ஏழு மாரியம்மாள்கள். அதில் இரண்டு பேருக்குக் கணவர் பேரும் ஒன்றுதான். காலைக் கூட்டத்தில் எங்கள் ஆளே தப்பான வரியில் கோடு போட்டிருக்கலாம். யாராவது வேண்டுமென்றே போட்டுவிட்டும் போயிருக்கலாம். எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (49P) சொல்வது இதைத்தான். நான் கேட்கும் கேள்விகளுக்கு அவர் சரியாகப் பதில் சொன்னால் மெஷினில் போடவிடக் கூடாது, காகித ஓட்டுச்சீட்டு தர வேண்டும். அதைத்தான் டெண்டர் ஓட்டு, ஆய்வுக்குரிய வாக்கு என்கிறோம். ஒரு சாவடிக்கு 20 சீட்டு கொடுத்திருப்பார்கள். தனிப் படிவத்தில் கைரேகை வாங்கிக்கொண்டு, சீட்டையும் அம்புக்குறி முத்திரையையும் கொடுத்தேன். பாட்டி குத்தி, மடித்துக் கொடுத்தார். நான் உறைக்குள் போட்டேன். வாசல்வரை போனவர் திரும்பி, "எல்லாருக்கும் பீப்புனு கத்துச்சே, எனக்குக் கத்தலியே தாயி?" என்றார்.

அந்த உறையை எண்ணிக்கை மேசையில் பிரிக்க மாட்டார்கள். தோற்றவர் ஐகோர்ட்டில் தேர்தல் வழக்குப் போட்டு, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். அது தெரிந்தேதான் சீட்டைக் கொடுத்தேன். பாட்டியிடம் சொல்லவில்லை. "காகிதத்துல கத்தாது பாட்டி" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு யோசனை. காலையிலேயே போய்விடுங்கள். சாயங்காலம் போகிறவர்களுக்குத்தான் இந்த அனுபவம் அதிகம்.

வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் எங்கள் வீட்டில் இருவரின் பெயர் காணாமல் போய்விட்டது. நாங்கள் அதே ஊரில் தெரு மட்டும்தான் மாறினோம். இனி என்ன செய்வது?
*– குடும்பத் தலைவி, திருப்பூர்*

2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டில் அந்த வேலை தொடங்கியது. டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்தபோது 97 லட்சத்துக்கும் மேல் பேர் குறைந்திருந்தது. இறந்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று போக வேண்டியவையும் அதில் நிறைய. பூட்டிய வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் காணாமல் போனவையும் இருக்கும். திருப்பூர் மாதிரி பனியன் கம்பெனி ஊரில் பகலில் எந்த வீடு திறந்திருக்கிறது?

முதலில் தேர்தல் ஆணைய இணையதளத்தில் தேடுங்கள், அல்லது 1950-க்கு போன் போடுங்கள். பேர் பழைய தெருவிலேயே இருந்தால் படிவம் 8. அடியோடு போய்விட்டதென்றால் படிவம் 6. இதை மாற்றிப் போடுவதுதான் வழக்கமான தப்பு. பேர் இருக்கும்போதே புதிதாக 6 கொடுத்தால் இரட்டைப் பதிவாகி, அடுத்த திருத்தத்தில் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். படிவம் 7 என்று ஒன்று உண்டு, அது நீக்கச் சொல்லிக் கேட்பது. உங்கள் தொகுதி வாக்காளர் எவரும் உங்கள் பேருக்கு எதிராக அதைக் கொடுக்கலாம். விசாரிக்காமல் நீக்கக் கூடாது என்பது சட்டம். வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் மளிகைச் சீட்டோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மனுவைத் தள்ளிவிட்டால் 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் தள்ளினால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வேட்புமனு கடைசி நாள் முடிந்துவிட்டால் பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. அதற்குப் பிறகு சாவடி வாசலில் போடும் சத்தம் டி.வி.க்காரர்களுக்குத்தான் உதவும்.

பேர் போவது புதிதில்லை. 1951-52 முதல் பொதுத்தேர்தலில் வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பேரைச் சொல்ல மறுத்து, 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று பதியச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒத்துக்கொள்ளவில்லை. சுமார் 28 லட்சம் பெண்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது. கொடூரமாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நம் பாட்டிகள் இன்னும் 'இன்னார் சம்சாரம்' ஆகவே இருந்திருப்பார்கள் என்றும் தோன்றுகிறது.

முதல் முறையாக பூத் ஏஜென்டாக உட்காரப் போகிறேன். மெஷினில் தில்லுமுல்லு நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
*– கல்லூரி மாணவர், திருச்செங்கோடு*

தம்பி, விடியற்காலையில் போய்விடு. ஓட்டுப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி ஓட்டுப்பதிவு. குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிப் பார்த்து, விவிபேட் (யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காகிதச் சீட்டில் அச்சிடும் பெட்டி) சீட்டுகளோடு ஒப்பிட வேண்டும். பிறகு அதை அழித்து, டோட்டல் பூஜ்யம் காட்டுவதைப் பார். விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்து, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவதையும் பார். சீல் நம்பர்களைக் குறித்துக்கொள்.

இதெல்லாம் காலையில் எல்லோரும் ஆர்வமாகப் பார்ப்பார்கள். நான் சொல்ல வருவது சாயங்காலம். க்ளோஸ் பட்டனை அழுத்தியதும் மொத்த ஓட்டு எண்ணிக்கையைப் படிவம் 17சி-யில் எழுதுவோம். ஒவ்வொரு ஏஜென்டுக்கும் அதன் நகல் தர வேண்டும். அப்போது அங்கே யார் இருப்பார்கள் என்கிறாய்? பாதிப் பேர் பசியில் கிளம்பியிருப்பார்கள். ஒருமுறை நான் தெருமுனைவரை ஓடி, பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருந்த ஏஜென்டிடம் கையெழுத்து வாங்கினேன். நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையில் ஏற்கனவே சால்னா கறை.

அந்தத் தாள்தான் தம்பி உன் ஆயுதம். எண்ணும் நாளில் உன் கட்சி ஏஜென்ட் மேசையில் உட்காரும்போது, மெஷின் காட்டும் மொத்தமும் 17சி-யில் உள்ள மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடி விவிபேட் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுகிறார்கள். எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தள்ளிவிட்டது. என்னைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டி எண்ணலாம், குடி முழுகிப் போகாது. ஆனால் 17சி நகலைத் தொலைத்துவிட்டு மெஷினைத் திட்டுகிறவர்களிடம் எனக்கு இரக்கம் இல்லை.

காசு வாங்கினோம், ஆனால் மாற்றிப் போட்டோம். கண்டுபிடித்துவிடுவார்களா?
*– பேர், ஊர் வேண்டாம்*

உங்கள் ஓட்டைக் கண்டுபிடிக்க முடியாது. யாருக்குப் போட்டீர்கள் என்று கோர்ட்டில்கூட உங்களைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் உங்கள் தெருவைக் கண்டுபிடிக்கலாம். அந்தக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணுவார்கள். இப்போது மெஷின் ஒவ்வொன்றாக எண்ணுவதால் சாவடிவாரியாகக் கணக்கு வெளியே வந்துவிடுகிறது. பல மெஷின்களைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. ஓட்டு விழாத கோபத்தில் குழாயில் தண்ணீர் நிறுத்தப்பட்ட தெருக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்தான். பணப் பட்டுவாடாவுக்காக 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று தேர்தலையே ரத்து செய்த பெருமை நம் மாநிலத்துக்கு உண்டு. மாற்றிப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அந்தக் காசை என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லையே.

என் அம்மாவுக்கு 86 வயது. படி ஏற முடியாது.
*– வாசகர், நாகர்கோவில்*

85 தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுங்கள். வீடியோகிராபரோடு வருவார்கள், அம்மாவுக்கு நல்ல சேலையாக எடுத்து வையுங்கள். ஒன்று, 12டி ஏற்கப்பட்டுவிட்டால் அப்புறம் மனம் மாறிச் சாவடிக்குப் போக முடியாது.

இத்தனை பேருக்கு ஓட்டுப் போட வழி சொல்கிறீர்களே, தேர்தல் பணியில் இருந்த நீங்கள் எத்தனை முறை ஓட்டுப் போட்டீர்கள்?
*– சக ஆசிரியை, தென்காசி*

குத்துகிற கேள்வி. நான் பணியில் இருந்த காலத்தில் எங்களுக்குத் தபால் ஓட்டு. ஓட்டுச்சீட்டை ஓர் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு அதிகாரி ஒருவரின் சான்றொப்பம் வாங்க வேண்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்துப் பெரிய உறையில் வைத்து அனுப்ப வேண்டும். எங்கேயாவது ஒரு கையெழுத்து பிசகினால் செல்லாது.

2016-ல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியிருந்தார்கள். சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர், அவர் கையெழுத்து செல்லாது என்பது காரணம். 2019 அக்டோபரில் ஐகோர்ட் அவற்றை எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். முடிவை வெளியிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. ஓட்டுப் போட்டதும் ஆசிரியர்கள், சான்று சொன்னதும் ஆசிரியர். நானும் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியைதான். என் பள்ளி டீச்சர்களுக்கு எத்தனை உறுதிமொழியில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அவற்றில் எத்தனை செல்லுபடியானதோ.

என் சொந்தக் கதை அதைவிட மோசம். ஒரு தேர்தலில் விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தினமும் தபால்காரரைக் கேட்டேன். வரவில்லை. ஓட்டுப்பதிவு முடிந்தது, எண்ணிக்கையும் முடிந்தது. பதவியேற்புக்கு முந்தின நாள் வாசலில் சைக்கிள் மணி. பழுப்பு உறை, உள்ளே புத்தம் புதிய ஓட்டுச்சீட்டு. தபால்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "கையெழுத்துப் போடுங்க டீச்சர்" என்றார். போட்டேன். அந்த உறை இன்னமும் என் டிரங்குப் பெட்டியில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.