அப்பச்சியின் துப்பாக்கியும் பெங்களூர் குடிமாற்றமும்

கேள்வி: தேவகோட்டை பக்கம் எங்கள் ஊர். எனக்கு 71 வயது. அப்பச்சி (அப்பா) வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு 1996 முதல் என் பெயரில் உரிமம் இருக்கிறது. இப்போதும் நடப்பில் உள்ளது. தை பிறந்ததும் மகனோடு இருக்க பெங்களூருக்கே குடிபோகிறோம். வீட்டுச் சாமான் லாரியில் துப்பாக்கியையும் ஏற்றலாமா, இல்லை, இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் விட்டுப் போகலாமா? சாமான் ஒதுக்கும்போது வளவில் எங்கள் பங்கு அறையிலிருந்து மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி ஒன்றும் கிடைத்தது. தாத்தா காலத்ததாம். அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்: ஐயா, நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உரிமம் உள்ள துப்பாக்கியால் வரக்கூடிய தொல்லை பெரும்பாலும் அலைச்சலோடு முடிந்துவிடும். உரிமம் இல்லாததால் வருவது சிறை.

ஆயுதச் சட்டம், 1959-இன்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. ‘தாத்தா வைத்தது, எங்களுக்கே தெரியாது’ என்பது நேற்றுவரை உண்மை. கண்ணில் பட்ட நாளிலிருந்து அது உங்கள் கையில் உள்ள ஆயுதம். பயந்துபோய்க் கண்மாயில் போடுவதையும் தோட்டத்தில் புதைப்பதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். மறைக்க முயன்றவர் என்ற பேர்தான் மிஞ்சும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போடுகிற சாமானும் இல்லை இது. துப்பாக்கியை வாங்கி விற்கும் கடைக்கு ஆயுத வியாபார உரிமம் வேண்டும்.

இன்னொன்றைச் சட்டத்துக்கு அப்பாற்பட்டும் சொல்கிறேன். அந்தக் குழலை முகத்துக்கு நேரே பிடித்து எட்டிப் பார்க்காதீர்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள், எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். கெட்டித்த மருந்தோடு அப்படியே சாத்தி வைத்த துப்பாக்கிகள் உண்டு. எத்தனை வருடமானாலும் கரிமருந்தை நம்ப முடியாது. பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு. அறையைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்தத் தேதியில், எந்த அறையில், யார் முன்னிலையில் கிடைத்தது என்று ஒரு மனு எழுதி, உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். நகலைச் சிவகங்கை மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துப்பாக்கியை நீங்களே தூக்கிக்கொண்டு நிலையத்துக்குப் போக வேண்டாம், அவர்கள் வந்து எடுக்கட்டும். சட்டத்தின் 21-வது பிரிவு இப்படி ஒப்படைப்பதற்காகவே இருக்கிறது. பிறகு உரிமம் பெற்றால் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. இந்த வகை வழக்குத் தொடர 39-வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். தானாக வந்து ஒப்படைத்தவரின் மனு அந்தக் கோப்பில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

பழைய பெட்டிகளில் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே தாத்தா பெயரில் உரிமத் தாள் ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை நன்றாகத் தேடுங்கள். 1985-க்கு முன் நம் சிவகங்கை தனி மாவட்டமே இல்லை, ஒன்றுபட்ட இராமநாதபுரத்தில் இருந்தது. ஆகவே பழைய பதிவைக் கேட்பதானால் அங்கேயும் கேளுங்கள். சுவரில் அழகுக்கு மாட்டிக்கொள்ளலாமே என்பார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் உள்ள பழம்பொருளுக்கு மட்டுமே 45-வது பிரிவு விலக்குத் தருகிறது. அந்த நிலையில் இருக்கிறதா என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

இனி அப்பச்சியின் துப்பாக்கிக்கு வருவோம். லாரி வேண்டவே வேண்டாம். அந்த உரிமம் உங்கள் ஒருவருக்கானது. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் லாரியை நிறுத்திப் பார்த்தால், அந்த நேரத்தில் ஆயுதம் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. பாவம், அவரையும் சேர்த்து மாட்டிவிடுவீர்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை நம்பிக்கையானவராக இருந்தாலும் இதே கதைதான். ஆளில்லாத வீட்டில் பூட்டி வைத்துப் போவதும் சரியல்ல. கதவு நிலை, கண்ணாடி எல்லாம் களவு போகிற காலம் இது. துப்பாக்கி களவு போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். எடுத்துப் போக விருப்பமில்லையென்றால், தேர்தலுக்குத் தேர்தல் கட்டி வைப்பீர்களே, அதுபோலக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

எடுத்துப் போவதானால் முதலில் உரிமப் புத்தகத்தைத் திறந்து இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண், அதாவது யு.ஐ.என். அது ஏறாத உரிமம் இப்போது செல்லாது. மற்றது, எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதிய வரி. பலருக்கும் அந்த இடத்தில் மாவட்டம் அல்லது தமிழ்நாடு என்றுதான் இருக்கும். ‘தமிழ்நாடு முழுதும்’ என்ற உரிமம் ஓசூரோடு நின்றுவிடுகிறது. அப்படியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் குடிமாற்றத்தைச் சொல்லி, கர்நாடகம் வரை எடுத்துச் செல்ல எழுத்தில் அனுமதியும் தடையில்லாச் சான்றும் கேளுங்கள். தை மாதப் பயணத்துக்கு மார்கழியில் மனுப் போட்டால் ஆகாது, இப்போதே போடுங்கள். (புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் இருக்கும் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் அந்த ஆட்சியரிடம் போக வேண்டும்.) உரிமத்தின் நிபந்தனையை மீறினால் 30-வது பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. தொகை சிறிது என்று நினைக்காதீர்கள், உரிமமே ரத்தாகலாம்.

பயணத்தில் நீங்கள் ஏறும் காரிலேயே, தோட்டா இல்லாமல், முழுதும் மூடிய உறையில் இருக்கட்டும். தோட்டாக்கள் தனிப் பெட்டியில், உரிமத்தில் கண்ட எண்ணிக்கைக்குள். அசல் உரிமம் உங்கள் கைப்பையில். வழியில் சாப்பிட இறங்கினால் ஒருவர் வண்டியிலேயே இருங்கள்.

போய்ச் சேர்ந்த 30 நாளுக்குள் எழுத்தில் இரண்டு இடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்: உரிமம் கொடுத்த நம் ஆட்சியருக்கும் புது ஊரின் உரிம அதிகாரிக்கும். பெங்களூர் நகரத்தில் அது போலீஸ் கமிஷனர். பலர் தெரிவிக்க மறந்து, புதுப்பிக்கும் காலத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள். கேட்டால் உரிமத்தையும் துப்பாக்கியையும் கொண்டுபோய்க் காட்டி, புது முகவரியை ஏற்றிக்கொள்ளுங்கள். இனிப் புதுப்பிப்பதும் அங்கேதான். முடியும் தேதிக்கு 2 மாதம் முன்பே மனுப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் வயதுக்கு இது பயன்படும். உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு உரிமம் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் தருகின்றன. உங்களுக்கு இரண்டுமே பொருந்துகிறது. மகனுக்கு உண்மையிலேயே விருப்பம் இருந்தால் அவர் பெங்களூரில் விண்ணப்பிக்கட்டும். மற்றப் பிள்ளைகளின் சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்கி வையுங்கள். ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது, வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். அவர் பெயரில் உரிமம் வரும்வரை இரும்புப் பெட்டியின் சாவி உங்களிடமே இருக்க வேண்டும், மகனானாலும் கொடுக்கக் கூடாது.