கேள்வி-பதில்: இட்லி, சாம்பாரில் கோதுமை எப்படி வந்தது?

எங்கள் மகளுக்கு 9 வயது. சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் நோய்) என்று 6 மாதத்துக்கு முன் உறுதியானது. பாலும் தற்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். சப்பாத்தி, பிரெட், பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். இட்லி, சோறு, சாம்பார், ரசம்தான் கொடுக்கிறோம். ஆனாலும் ரத்தப் பரிசோதனையில் இந்நோயைக் காட்டும் எதிர்ப்பான்களின் அளவு இறங்கவில்லை. எங்கே தப்பு?

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் விற்பதில் பெரும்பாலானவை கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் நெடி தாங்காது என்பதால் மாவும் வேறு பிசினும் கலந்து விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதாதான்.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் அரை கிராம். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன், ஆக 50 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிடும் சாம்பாரில் மகளின் தட்டுக்கு 12 மில்லிகிராம் போகும். மதியம் ரசம், மாலை வடை என்று சேர்ந்தால் இன்னும் கூடும். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் கெடாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. பாக்கெட்டில் உள்ள பொருட்பட்டியலைப் படித்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போதும். கடையில் வாங்கும் சாம்பார் பொடி, ரசப் பொடி, புளியோதரைப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் இருக்கலாம். சத்துமாவில் பெரும்பாலும் கோதுமை இருக்கும். மால்ட் கலந்த சத்துபானங்களில் பார்லியும் உண்டு, பாலும் உண்டு. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை இருக்கும். ரவை, சேமியா இரண்டும் கோதுமை என்பதைப் பாட்டி வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஹோட்டலில் ரவா தோசை வார்த்த கல்லில்தான் சாதா தோசையும் வரும்.

இரண்டு விஷயம் டாக்டரிடம் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ரத்தத்தில் அளவு முழுக்க இறங்க ஓராண்டுக்கு மேல் ஆகலாம். 6 மாதத்தில் இறங்காததை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அடுத்து, சீலியாக்கில் குடல் சுவர் சேதப்படுவதால் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். குடல் ஆறியதும் பலருக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்ளும். இந்தப் பால் தடை எதனால் வந்தது என்று தெரிந்தால், எத்தனை நாளைக்கு என்பதும் தெரியும்.

கேழ்வரகு சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் வாங்கலாமா? பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமா?

பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டும் சொல்கிறது. பால், வெண்ணெய், மோர்ப் பொடி எல்லாம் அதற்குள் அடக்கம். பால் பொருள் இல்லாததற்குத் தனியாக வீகன் முத்திரை உண்டு; அதற்கான விதி 2022இல் வந்தது. 'பால் சாராத' காபி கிரீமர் என்று எழுதியிருந்தாலும் பட்டியலில் சோடியம் கேசினேட் இருந்தால் அது பால் புரதம்தான்.

சிறுதானியப் பெயரில் வருபவற்றில்தான் ஏமாற்றம் அதிகம். பொருட்பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும். கேழ்வரகு சேமியா பாக்கெட்டில் முதல் பெயரே கோதுமை மாவாகவோ மைதாவாகவோ இருப்பது சாதாரணம். பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைப் பொருட்களைச் சொல்லும் வரியையும் படியுங்கள். குளூட்டன் இல்லை என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சில்லறையாக அளந்து விற்கும் மாவில் இந்த வசதி எதுவும் இல்லை. தெருவோர மாவு மில்லில் முன்னால் அரைத்த கோதுமை கல்லில் ஒட்டியிருக்கும். பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்து, புதிய சல்லடையில் சலிப்பது நல்லது.

இருவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் 40 நிமிடம்தான் கிடைக்கும். தனியாக இன்னொரு சமையல் செய்ய முடியாது.

தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுக்க ஒரே சமையல் செய்யுங்கள். விலை அதிகமான குளூட்டன் இல்லாத பிரெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல கிரைண்டர் பராமரிக்கலாம் என்பது எங்கள் கருத்து. இட்லி அரிசி 4 கப், உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி என்று சனிக்கிழமை அரைத்தால் குளிர்பெட்டியில் வியாழன் வரை தாங்கும். புளிக்கும் மாவுக்கு நேரமில்லாத நாளில் பச்சைப்பயறு உதவும். இரவில் 1 கப் ஊறவைத்து, காலையில் பச்சை மிளகாய், இஞ்சி சேர்த்து அரைத்து அப்படியே தோசை வார்க்கலாம்.

சப்பாத்திக்குப் பதில் கேழ்வரகு ரொட்டி செய்தால் விரிசல் விடுகிறது என்று பலர் கேட்கிறார்கள். பச்சைத் தண்ணீரில் பிசைவதுதான் காரணம். கோதுமையைப் பிடித்து வைக்கும் குளூட்டன் இதில் இல்லை. அந்த வேலையை வெந்த மாவுச்சத்துதான் செய்ய வேண்டும். 1 கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, 1 கப் மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிசைந்து, வாழையிலையில் ஈரக்கையால் தட்டிக் கல்லில் போடுங்கள். ஓரம் வெடித்தால் ஒரு கரண்டி வெந்நீர் சேருங்கள். ஒட்டினால் தண்ணீர் அதிகம். ஆறினால் விறைத்துவிடும் என்பதால் மதிய டப்பாவுக்கு இது ஆகாது. டப்பாவுக்கு எலுமிச்சை சாதம், தேங்காய்ப்பால் சாதம், அடை கொடுத்தனுப்புங்கள்.

தேங்காய்ப்பால் திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். காய் முழுக்க வெந்தபின், தீயைக் குறைத்து, கடைசியில் ஊற்றிச் சூடேறியதும் இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். மீந்த பாலை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வாரம் முழுக்கக் கட்டி கட்டியாக எடுக்கலாம். ஆனால் அதில் கால்சியம் சொற்பம். பாலை நிறுத்திய குழந்தைக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை தட்டில் அடிக்கடி வர வேண்டும்.

தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

வேர்க்கடலை ஒத்துக்கொண்டால் அதில் தயிர் போடலாம். 1 கப் பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் தோலை நீக்குங்கள். தோல் இருந்தால் வாடை வரும். 3 கப் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, அடிப்பிடிக்காமல் கிளறி 10 நிமிடம் காய்ச்சுங்கள். பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். வெதுவெதுப்பானதும் முதல் தடவை 6, 7 பச்சை மிளகாய்க் காம்புகளைக் கழுவிப் போட்டு மூடி வைத்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் உறையும். காம்பை எடுத்துவிட்டு, அதில் ஒரு கரண்டியை அடுத்த தடவைக்கு உறையாக வையுங்கள். இரண்டாம் தடவை உறைந்ததுதான் ருசியாக இருக்கும். மோர்க்குழம்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம். தேங்காய்ப்பாலில் செய்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள்.

நெய் விடலாமா?

பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு நெய்யால் பொதுவாகத் தொல்லையில்லை. பால் புரத ஒவ்வாமை என்றால் ஒரு சொட்டும் கூடாது.

குளூட்டன் இல்லை என்று போட்ட மாவைச் சாப்பிட்டபின் தொந்தரவு வந்தது. என்ன செய்யலாம்?

பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். மீதி மாவு, ரசீது, பாக்கெட்டில் உள்ள தொகுதி எண் (பேட்ச் நம்பர்) தெரியும் படம் மூன்றும் வேண்டும். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் சான்று பெற்ற ஆய்வகத்தில், மாவில் எவ்வளவு குளூட்டன் இருக்கிறது என்று காட்டும் எலைசா பரிசோதனை செய்யலாம். பிரித்த பாக்கெட் என்றால் உங்கள் வீட்டில் கலந்தது என்பார்கள், அதனால் அதே தொகுதியில் பிரிக்காத ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். தீராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

எனக்கும் வயிறு உப்புகிறது. மகளோடு நானும் கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா?

முதலில் ரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் சீலியாக் இருந்தாலும் முடிவில் தெரியாமல் போகலாம். பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கு இந்நோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் வீட்டில் எல்லோரும் ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது.